குடை நிழலுக்கு எஃப் நான்கரை

அக்காவின் முகம் தெளிவாக விழுந்த படம் எங்கள் குடும்பத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதில் அவள் கண் மூடிப் பெட்டிக்குள் படுத்திருக்கிறாள். மற்ற படங்களில் எல்லாம் உயிரோடு நின்றுகொண்டு, கையை நெற்றிக்கு மேல் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டிருக்கிறாள். கை நன்றாக விழுந்திருக்கிறது. வளையலின் வேலைப்பாடுகூடத் தெரிகிறது. கைக்குக் கீழே முகம் இருக்க வேண்டிய இடத்தில் இருட்டு. எல்லாம் நான் எடுத்த படங்கள்.

கேமரா வந்தது வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கப்பலேறிக்கொண்டிருந்த வருஷங்களில். கண்டோன்மெண்டில் அப்போது வாரத்துக்கு ஒரு பங்களாவிலாவது ஏலம் நடக்கும். கட்டில், பியானோ, பூந்தொட்டி எல்லாம் வாசலுக்கு வந்துவிடும். ரிச்சர்ட்ஸ் டவுனில் அப்படி ஒரு வாசலில், கண்ணாடிச் சாமான்களுக்கு நடுவே, தோல் உறைக்குள் இருந்தது இந்த மடக்குக் கேமரா. முன்பக்கத் தகட்டைத் திறந்தால் துருத்தி போல நீண்டு நிற்கும். யாரும் கேட்காததால் எனக்குக் கிடைத்தது.

சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பிலிம் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் சின்னத் தாள்தான் எனக்குப் பாடம். நல்ல வெயில் என்றால் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை எஃப் பதினொன்றில் வை, ஷட்டரை நூறில் ஒரு பங்கு விநாடியில் வை. மணல், வெள்ளைச் சுவர் போலக் கண் கூசும் இடம் என்றால் துளையைப் பதினாறுக்குக் குறை. சூரியன் உன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். எண் பெரிதானால் துளை சிறிதாகும் என்பது மட்டும் முதலில் குழப்பியது, பிறகு பழகிவிட்டது. மேகம், நிழல் என்று கீழே இன்னும் சில வரிகள் இருந்தன. அவற்றை நான் நம்பவில்லை. பிலிம் சுருளுக்கு எட்டுப் படம், ஊரில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, நிழலில் எடுத்து எதற்கு வீணாக்குவது என்று நினைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் என்ன துளை, என்ன வேகம், எத்தனை அடி தூரம் என்று டைரியில் எழுதிவைப்பேன். அட்டாரா கச்சேரி சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அதில் கஷ்டம் ஒன்றும் இல்லை.

அக்காவுக்கு வெயில் ஆகாது. கொஞ்ச நேரம் நின்றாலும் ஒரு பக்கத் தலை பிளந்துகொள்ளும், சாயங்காலம் வரை இருட்டு அறையில் படுத்துக் கிடப்பாள். அதனால் அத்தான் எங்கே போனாலும் கறுப்புக் குடை ஒன்றைக் கையில் வைத்திருப்பார். அவர் ராணுவ டிப்போவில் ஸ்டோர் கீப்பர். அதிகம் பேசாதவர். மழைக்குக்கூடத் தனக்கு அதை விரித்து நான் பார்த்ததில்லை. அக்காவின் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, தான் அரை அடி தள்ளி வெயிலில் நடப்பார்.

கப்பன் பார்க்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லோரும் போயிருந்தோம். பாண்டு மேடைக்கு முன்னால் நிற்கவைத்தேன்.

"அத்தான், குடையை மடிங்க. முகத்துல நிழல் விழுது."

"சீக்கிரம் எடு தம்பி, அவளுக்குத் தலைவலி வந்துடும்."

"கையை எடு அக்கா."

"எடுத்தா கண்ணுல தண்ணி கொட்டுதுடா. படத்தைப் பார்க்கிறவங்க, புருஷன் அடிச்சுட்டான்னு நினைப்பாங்க."

"எப்பப் பார்த்தாலும் சல்யூட்," என்றார் அத்தான். "டிப்போவுல எனக்கு ஒருத்தன் அடிக்கிறதில்ல. வீட்டுல இவ அடிக்கிறா."

அவர்களுடைய ஒரே பையன் அப்போது பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம். அவன்தான் அதற்குச் சல்யூட் படம் என்று பெயர் வைத்தான். பிறகு வந்தவற்றுக்கும் அதே பெயர் நிலைத்தது. லால்பாக் பூக்காட்சிக்குப் போனோம். கண்ணாடி மாளிகைக்கு வெளியே ஒரு சல்யூட். சட்டசபைக்கென்று விதான சௌதா கட்டி முடிந்த புதிதில் ஊரே அதன் படிகளில் நின்று படம் எடுத்துக்கொண்டது. நாங்களும் போனோம். புதுக் கல் வெயிலில் கண்ணைக் குத்தியது. தாளில் சொன்னபடி பதினாறில் வைத்தேன். கல்லின் உளிப் பொளிவு ஒவ்வொன்றும் எண்ணிவிடலாம் போல விழுந்தது. படியில் நின்ற எங்கள் ஆட்கள் கரிக்கட்டையாக விழுந்தார்கள். அக்காவின் கை மட்டும் வெளிச்சத்தில் நின்றது.

பையன் படிப்பு முடித்துச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனான். ரயிலடியில் வழியனுப்பும்போது எல்லோருக்கும் முன்னால் என்னிடம் சொன்னான்: "மாமா, அம்மா சல்யூட் அடிக்காத படம் ஒண்ணு எடுத்து அனுப்புங்க. என் பெட்டியில இருக்கிறதுல அம்மா கைதான் இருக்கு, அம்மா இல்ல."

அக்கா சிரித்தாள். எனக்கு அது வேலையாக மனத்தில் ஏறியது. வீட்டு முன்கூடத்தில் நாற்காலி போட்டு, துளையைப் பெரிதாக்கி, நிழலிலேயே எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அந்த வருஷங்களில் வெளிநாட்டுப் பிலிம் வருவது குறைந்துபோய், ஒரு சுருளுக்குக் கமர்ஷியல் தெருவில் கடை கடையாக ஏறி இறங்க வேண்டும். கேமராவில் இருந்த சுருளில் ஒரே ஒரு படம்தான் மீதி. அதை அக்காவுக்கென்று தொடாமல் வைத்திருந்தேன்.

"இரு, பல்லு செட் வரட்டும்," என்றாள். முன்பற்களை எடுத்திருந்தார்கள். "பொக்கை வாயைக் காட்டி அவனைப் பயமுறுத்தச் சொல்றியா?"

"வாயை மூடிக்கிட்டு இரு."

"நான் வாயை மூடிக்கிட்டு இருந்தா உங்க அத்தானுக்கே அடையாளம் தெரியாது."

பல் செட் வந்தது. ஈறில் உறுத்துகிறது என்று திருப்பி அனுப்பினாள். அது சரியாகி வருவதற்குள் ஏப்ரல் வந்துவிட்டது. ஒரு நாள் விடியற்காலையில், பால்காரனுக்குக் கதவு திறக்கப் போனவள் கதவண்டையே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

சிங்கப்பூருக்குத் தந்தி கொடுத்தேன். பையனால் கப்பலைப் பிடித்து வந்து சேர முடியாது என்பது தந்தி எழுதும்போதே தெரியும். ஏப்ரல் வெயிலில் காத்திருக்கவும் முடியாது. மறுநாள் பிற்பகலில் அடக்கம் என்று போதகர் சொல்லிவிட்டார்.

எங்கள் ஜனங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. மூடி போடுவதற்கு முன்னால் பெட்டியை வாசலுக்குக் கொண்டுவந்து, தலைமாட்டைச் சற்று உயர்த்தி வைத்து, உறவுக்காரர்கள் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். வர முடியாதவர்களுக்கு அனுப்புவதற்காக. சென்னையிலும் கோலாரிலும் தங்கிவிடுகிற உறவுகள் அப்படித்தான் கடைசி முகம் பார்ப்பார்கள். ஸ்டூடியோவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தோம். கலியாணம் ஒன்றில் இருப்பதாகவும் சாயங்காலம்தான் வர முடியும் என்றும் பதில் வந்தது. கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குப் போய்க் கேமராவை எடுத்துவந்தேன்.

அத்தானின் வீடு மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயில் வாசலில் நேராக அடிக்கும். முன்கூடத்தில் இத்தனை பேர் நிற்க இடம் இல்லை. பந்தல் நிழலில் பெட்டியை வைத்திருந்தவர்களை, எங்கள் சபைக் கோயிலில் இந்த வேலைகளை எல்லாம் பார்த்துக்கொள்கிற பெரியவர் அதட்டினார்.

"வெளிச்சத்துக்குக் கொண்டு வாங்கப்பா. இருட்டுல வச்சா என்ன விழும்?"

தூக்கிவந்து நடு வாசலில் பெஞ்சின் மேல் வைத்தார்கள். வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர், வெள்ளைச் சேலைகள், பெட்டிக்குள் வெள்ளை சாட்டின், அக்காவுக்கு வெள்ளைப் பட்டு. கண்ணைத் திறக்க முடியவில்லை. என் விரல்கள் பழக்கத்தில் துளையைப் பதினொன்றுக்குக் கொண்டுபோய், பிறகு சுவரைப் பார்த்துப் பதினாறுக்கு நகர்த்தின.

தலையை நிமிர்த்தியபோது அத்தான் குடையை விரித்திருந்தார்.

பெட்டியின் தலைமாட்டில், சுவரை ஒட்டி நின்றிருந்தார். வெள்ளை டிரில் கோட்டு, தலையில் ஒன்றும் இல்லை. கையை நீட்டி அக்காவின் முகத்துக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் முகம் முழுவதும் கறுப்பு நிழலுக்குள் போய்விட்டது.

"ஐயா, குடையை மடிங்க," என்றார் கோயில் பெரியவர். "படத்துக்கு மறைக்குது."

அத்தானுக்குக் காதில் விழவில்லை போலிருந்தது. பெரியவர் கிட்டப் போய் மறுபடியும் சொன்னார்.

"அவளுக்கு வெயில் ஆகாதுங்க," என்றார் அத்தான்.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னால் மடித்துவிடுவார் என்று அவருக்குத் தெரியும், அத்தனை வருஷமாக மடிக்கச் சொன்னவன் நான்தானே. வார்த்தை வாய்வரை வந்தது. அக்காவின் முகத்தில் நேர் வெயில் அடிப்பதை, அவள் கை எழும்பி வராமல் இருப்பதை, என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. மடிக்கச் சொல்லவில்லை.

அப்படியென்றால் கணக்கு வேறு. வெயிலில் நிற்பவர்களுக்குப் பதினாறு சரி. குடைக்கடியில் இருப்பவளுக்கு அது கொஞ்சமும் போதாது, முகம் மறுபடியும் இருட்டாகிவிடும். ஒரே படம்தான் மீதி, இரண்டு விதமாக எடுத்துப்பார்க்க வழியில்லை. ஷட்டரை மெதுவாக்கலாம், ஆனால் ஸ்டாண்டு கிடையாது, வெறுங்கையில்தான் பிடித்திருந்தேன். இருபத்தைந்தில் ஒரு பங்கு விநாடிக்குக்கூட அசையாமல் பிடிக்க முடியாது. ஷட்டரை நூறிலேயே விட்டுவிட்டுத் துளையை மட்டும் திறந்தேன். பதினொன்று, எட்டு, ஐந்தரைக்குச் சற்றுமேல் ஒரு கோடு, கடைசியாக நான்கரை. அதற்குமேல் அந்த லென்ஸ் திறக்காது. அவ்வளவு திறந்தால் ஒரே தூரத்தில் இருப்பதுதான் துல்லியமாக விழும். எட்டு அடி என்று அக்காவின் முகத்துக்கு வைத்தேன். சுற்றி நின்றவர்கள் வெளுத்துப்போவார்கள் என்பது தெரிந்தே வைத்தேன்.

பக்கத்து வீட்டம்மாள் ஓரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "நாங்கெல்லாம் விழுறோமா சார்?"

"விழுறீங்கம்மா," என்றேன்.

அழுத்தினேன். மூடியைப் போட்டார்கள்.

பிலிமைக் கழுவக் கடையில் கொடுத்தாலும், பிரிண்ட் போடுவதை நான் வீட்டிலேயே செய்வது வழக்கம். குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்து, சிவப்பு பல்பைப் போட்டு, நெகடிவைத் தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி, சாதா விளக்கைப் போட்டு மனத்துக்குள் எண்ணி அணைப்பேன். தாளை மருந்துத் தட்டில் போட்டதும் முதலில் குடை கறுத்து வந்தது. அதற்கடியில், இத்தனை வருஷமாக நான் பிடிக்க முடியாத முகம் மெல்ல வந்தது. நெற்றி, மூக்கின் பக்கத்து மரு, பல் இல்லாததால் சற்று உள்ளே போன வாய், எல்லாம் இருந்தது. அதைச் சுற்றிலும் வெள்ளைத் தாள்.

சிங்கப்பூருக்கு ஒன்று அனுப்பினேன். மற்றப் பிரதிகளைப் பார்த்த உறவுக்காரர்கள் மனம் நொந்துபோனார்கள். கோலாரிலிருந்து ராத்திரி முழுவதும் விழித்து வந்த ஒன்றுவிட்ட அண்ணி படத்தைத் தூரத்தில் பிடித்தும் கிட்டத்தில் பிடித்தும் பார்த்தார்.

"நான் எங்க நிக்கிறேன்? தலைமயிரும் சேலைக் கரையும்தான் இருக்கு. செத்தது அவளா, நாங்களா?"

அத்தான் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டுப் பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு பையன் லீவு கிடைத்து வந்தான். ஆள் பருத்திருந்தான், குரலும் மாறியிருந்தது. கல்லறைக்குப் போய்வந்து முன்கூடத்தில் உட்கார்ந்தபோது, சட்டைப் பையிலிருந்து நான் அனுப்பிய படத்தை எடுத்தான். மூலைகள் தேய்ந்திருந்தன.

"குடை பிடிச்சிருக்கிறது யாரு மாமா?"

"உங்க அப்பாதான்."

அத்தான் எதிரில்தான் இருந்தார். பையன் அவரைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். "கை தெரியுது. முகம் இல்லையே."

"வெயில்," என்றேன்.

படத்தைப் பையில் திருப்பி வைத்தபடி, "அம்மா கண்ணு திறந்திருக்கிற படம் ஒண்ணுகூட இல்லையா மாமா?" என்றான். கோபமில்லாமல்தான் கேட்டான்.

பழைய நெகடிவ் எல்லாவற்றையும் ஒழுங்காக உறை போட்டு வைத்திருந்தேன். அவனை என் வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். நெகடிவில் எல்லாம் தலைகீழ். வெளிச்சம் விழுந்த இடம் கறுப்பாகக் கெட்டியாக இருக்கும், இருட்டு வெறும் கண்ணாடியாக இருக்கும். கப்பன் பார்க், லால்பாக், விதான சௌதா, எதை எடுத்தாலும் அக்காவின் கை கெட்டியாக இருந்தது. கைக்குக் கீழே கண்ணாடி. பிலிமில் ஒன்றும் பதியாத இடத்திலிருந்து எந்தப் பிரிண்டிலும் ஒன்றையும் எடுக்க முடியாது. ஆனாலும் அவன் கேட்டதற்காக இரண்டைப் போட்டுப் பார்த்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம் வந்தது.

"விடுங்க மாமா," என்றான்.

கடைசியாக அடக்கத்தன்று எடுத்த நெகடிவைக் கையில் எடுத்தபோதுதான் கவனித்தேன். அதில் வெளுத்துப்போன ஆட்கள் யாரும் காணாமல் போகவில்லை. வெளிச்சம் அதிகமாகி, கன்னங்கரேலென்று அடர்ந்து, அத்தனை பேரும் அதற்குள் இருந்தார்கள். விளக்கை நெடுநேரம் எரியவிட்டால் தாளுக்கு வருவார்கள். இருட்டில் போனது போனதுதான், வெளிச்சத்தில் போனதை இழுத்துவிடலாம் என்பது இத்தனை வருஷம் கேமரா பிடித்த எனக்கு அன்றைக்குத்தான் புத்தியில் ஏறியது. மறுநாள் ஜன்னலை அடைத்துவிட்டு, வழக்கமாக எண்ணுவதைப் போலப் பல மடங்கு எண்ணினேன்.

தாளில் சுவர் வந்தது, சுண்ணாம்பின் விரிசல் வந்தது. கோலார் அண்ணி, பக்கத்து வீட்டம்மாள், கோயில் பெரியவர், எல்லோரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தபடி வந்தார்கள். தூரம் அக்காவின் முகத்துக்கு வைத்திருந்ததால் சற்று மங்கலாகத்தான். அத்தான் மட்டும் என்னைப் பார்க்கவில்லை. கழுத்தை வளைத்துக் குனிந்து, கண்ணைக் கொட்டாமல், குடையின் நிழல் அவள் முகத்தில் எதுவரை விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவின் முகம் கறுத்து மூடிக்கொண்டது. அவள் மார்பின் மேல் கட்டிவைத்த கைகள் முதல் தடவையாகத் தெரிந்தன.

சாயங்காலம் இரண்டு பிரிண்டையும் எடுத்துக்கொண்டு அத்தானின் வீட்டுக்குப் போனேன். பையன் புதியதை வாங்கி வெகுநேரம் பார்த்தான்.

"அப்பா, நீங்க இருக்கீங்க," என்றான்.

அத்தான் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தன் முகத்தை அவர் பார்த்ததாகவே தெரியவில்லை. விரலைப் படத்தின் மேல் வைத்துக் குடையிலிருந்து கீழே நகர்த்தினார். கறுத்திருந்த முகத்தைத் தாண்டி, கைகளில் வந்து விரல் நின்றது. அங்கே வெயில் முழுசாக அடித்திருந்தது. நரம்பும் வளையலும், நான் எடுத்த சல்யூட் படங்களில் தெரிவது போலவே தெரிந்தன.

"முகத்தைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன் தம்பி," என்றார். "கையில வெயில் படுறதைக் கவனிக்கல."

பையன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவர் படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். வெயில் எப்போதோ இறங்கியிருந்தது. விரிக்காமல் கக்கத்தில் வைத்துக்கொண்டு, பெஞ்சு போட்டிருந்த இடத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

பையன் சிங்கப்பூருக்கு இரண்டையும் கொண்டுபோனான். ஒரே நெகடிவில் எடுத்ததுதான் என்றாலும், அம்மாவும் அப்பாவும் ஒரே தாளில் இருக்கும்படி ஒன்று போட்டுத் தர முடியுமா என்று போகும்போது கேட்டான். முகத்தை ஒரு அட்டைத்துண்டால் மறைத்துப் பிடித்து, மற்றதற்கு மட்டும் விளக்கை நெடுநேரம் எரியவிட்டுப் பார்க்கிறேன் என்றேன். பல தடவை முயன்றுவிட்டேன். அட்டையின் விளிம்பு ஒவ்வொரு தடவையும் அவர் கைக்கும் அவள் நெற்றிக்கும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடாக விழுந்துவிடுகிறது.